உடன்படிக்கையும் உருளைக்கிழங்கும்

இந்தியாவுடனான பொருளாதார ஒத்துழைப்பால் தனது உருளைக்கிழங்குக்கு விலை ஏறுமா, இறங்குமா என்று உரும்பிராயில் ஒரு தோட்டக்காரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒத்துழைப்பு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இலங்கையும் இந்தியாவும் 1998 டிசெம்பரில் கைச்சாத்திட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் பொருள் மற்றைய நாட்டுக்குள் தீர்வையின்றியோ குறைந்த தீர்வையிலோ செல்லலாம் என்பதே அதன் சாரம். பொதுவாக, பொருளின் பெறுமதியில் குறைந்தது 35 வீதம் உள்நாட்டில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது நாட்டுப் பொருளைப் பெயர் மாற்றி அனுப்புவதைத் தடுக்கவே இந்த விதி.

எல்லாப் பொருளுக்கும் இச்சலுகை இல்லை. உள்நாட்டு உற்பத்தியைக் காக்க இலங்கை சுமார் 1,180 பொருட்களை விலக்கி வைத்தது. விவசாயப் பொருட்கள் பல அதில் அடங்கும். ஆகவே அந்தத் தோட்டக்காரரின் விலையை உடன்படிக்கையை விட அதிகம் பாதித்து வந்தது, நிதி அமைச்சு வர்த்தமானியில் அறிவிக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடுதான். யாழ்ப்பாணத்தில் மாரி முடியும் காலத்தில் கிழங்கு அறுவடையாகிறது. அந்த வாரங்களில் அறவீட்டைக் குறைத்தால் இறக்குமதிக் கிழங்கு சந்தையில் குவியும். கடன்பட்டு விதைத்தவர் நட்டப்படுவார்.

அடுத்தது பாதை. தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையை 1964 புயல் முடித்து வைத்தது. யுத்தம் வடக்கின் கடல்வழியை மூடியது. பலாலி 2019 இல் சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. ஆட்கள் சில மணித்தியாலங்களில் கடலைக் கடக்கிறார்கள். சரக்கின் பெரும்பகுதியோ இன்னும் கொழும்பு ஊடாகவே போகிறது. நூறு கிலோமீற்றர் சொச்சத்தில் அக்கரை இருக்க, வடக்கின் பனை உற்பத்திகள் முதலில் 400 கிலோமீற்றர் தெற்கே போக வேண்டியிருக்கிறது.

அரசியல் கெட்டால் இவையெல்லாம் நின்றுவிடும். சார்க் தலைவர்கள் கடைசியாக உச்சிமாநாட்டில் கூடியது 2014 இல், காத்மண்டுவில். நமது கடலிலும் இழுவைமடிப் பிரச்சினை தீராமல் ஒத்துழைப்பு என்ற சொல்லை மீனவர்கள் நம்பமாட்டார்கள்.

அந்தத் தோட்டக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: விலை ஏறுவதும் இறங்குவதும் பேச்சுமேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அறுவடைக் கால அறவீட்டை விதைக்க முன்னரே அறிவிக்கும்படி உங்கள் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.