பெட்ரோல் வண்டிக்கு மின் மோட்டார்: கணக்கு என்ன சொல்கிறது?

கடைக்கு வேன், கார் வைத்திருக்கும் வணிக அன்பர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு, அமெரிக்காவில் கைவேலை தெரிந்த சிலர் பழைய காரின் என்ஜினைத் தாமே கழற்றி, மின் மோட்டார் பொருத்தினார்கள். கிடங்குகளில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் பழைய மோட்டாரே பலருக்கும் உதவியது. கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும். அதையும் மோட்டாரையும் இணைக்கும் தகட்டை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

சங்கடம் பேட்டரியில்தான். 6 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ. 96 வோல்ட்டுக்கு 16 பேட்டரி. மொத்தம் ஏறக்குறைய 450 கிலோ. அதாவது, சரக்கு ஏற்றும் முன்பே 50 கிலோ அரிசி மூட்டை ஒன்பது வண்டியில் ஏறிவிடுகிறது! ஸ்பிரிங், பிரேக் இரண்டையும் வலுப்படுத்தியாக வேண்டும். இத்தனைக்கும் ஒரு சார்ஜில் 60, 70 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. லித்தியம் பேட்டரி என்றால் எடை வெகுவாகக் குறையும், முதலீடு கூடும். எதுவானாலும், மின்கட்டணத்தை மட்டும் பெட்ரோல் செலவோடு ஒப்பிடுவது அரைக் கணக்கு. பேட்டரித் தேய்மானத்தையும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பற்று எழுத வேண்டும்.

நம் நாட்டிலோ வீட்டில் மாற்றிய வண்டியை அப்படியே சாலையில் ஓட்ட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி, ஆர்.சி.யிலும் அதைப் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் தொகை கைக்கு வருவது சந்தேகமே.