வெப்சைட்டுக்கு இடம் பிடிக்கு முன் கேட்க வேண்டியவை

நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டி, குச்சவெளி வரையான கடற்கரையோரத்தில் இப்போது விடுதிக்காரர், படகுக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று பலரும் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்கிறார்கள். காரணம் விளங்கக்கூடியதே. வெளிநாட்டு முன்பதிவுக் கம்பனி ஊடாக வரும் விருந்தாளியின் பணத்தில் தரகு கழிகிறது. நேரே வருபவரிடம் அந்தக் கழிவு இல்லை. எமது பக்கத்துச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். அந்த ஐந்து மாதத்தில் வெப்சைட் படுத்துவிட்டால் ஆண்டு வருமானத்திலேயே கை வைத்துவிடும். ஆகவே அதை எவரிடம் வைப்பது என்பது சாதாரண விஷயமல்ல.

சிறு வியாபாரிக்கு 'ஷெயார்ட் ஹொஸ்டிங்' எனப்படும் கூட்டு வாடகை முறை பெரும்பாலும் போதுமானது. சந்தைக் கட்டடத்தில் ஓர் அறை எடுப்பது போன்றது இது. ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கும். செலவு எல்லோருக்கும் பங்கு. அதனால்தான் மலிவு. ஆனால் பக்கத்துக் கடையில் கூட்டம் கூடினால் உங்கள் கடை வாசலும் அடைபடும். பக்கத்துக்காரர் கண்டபடி விளம்பர மின்னஞ்சல் அனுப்பினால், நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குள் போய் விழலாம். இருவருக்கும் சேர்வர் இலக்கம் ஒன்றாக இருப்பதே காரணம்.

முதலில் விலையைப் பார்ப்போம். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் தவணைக்கான விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காவதுண்டு. எனவே "அடுத்த வருடம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டொலரில் கட்டுவதா, ரூபாவில் கட்டுவதா என்பதையும் யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. டொலரில் வாடகை பேசியிருந்தவருக்கு, கம்பனி ஒரு சதம் கூட்டாமலேயே செலவு கூடியது.

'அன்லிமிடட்' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். முடிவில்லாத இடம் எந்தக் கட்டடத்திலும் கிடையாது. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சேர்வரின் உழைப்புக்கும் உள்ள வரம்பு நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் இருக்கும். "99 சதவீதம் இயங்கும்" என்று சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் மூன்றரை நாளுக்கு மேல் கடை பூட்டியிருக்கலாம் என்பதே அதன் பொருள். 99.9 என்றால் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால், ஏன் என்று கேளுங்கள். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாக வழங்கி வருகிறது.

அடுத்தது பிரதி, அதாவது 'பெக்கப்'. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் சேர்வர் கட்டடம் ஒன்று எரிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத பலருடைய தகவல்கள் சாம்பலாயின. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் எமது நாட்டின் அரச கிளவுட் சேர்வர் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் தொலைந்தன. அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? கம்பனி பிரதி எடுத்தாலும், மாதம் ஒரு முறையாவது ஒரு பிரதியை உங்கள் சொந்தக் கம்பியூட்டரில் இறக்கி வையுங்கள். முன்பதிவு விபரம் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு முறை செய்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர். சேர்வர் வாடகை அறை என்றால் டொமைன் உங்கள் கடையின் பெயர்ப்பலகை. அறையை மாற்றலாம், பலகையை இழக்கக் கூடாது. எமது ஊர்களில் நடப்பது என்ன? வெப்சைட் செய்து தரும் தம்பி, வசதிக்காகத் தன் பெயரிலேயே டொமைனையும் பதிந்துவிடுகிறார். பிறகு அவர் கட்டாருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார். புதுப்பிக்கும் அறிவித்தல் அவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது. தவணை முடிந்தால் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். அட்டையிலும் பில்லிலும் அச்சடித்த பெயர் பிறர் கைக்குப் போனால், பல வருடம் தேடிய நற்பெயரும் அதனோடு போகும்.

டொட் எல்கே பெயரை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயரிலேயே பதியலாம். 2010 முதல் 'டொட் இலங்கை' என்று தமிழிலும் முகவரி உண்டு. எந்தப் பெயரை எடுத்தாலும் உரிமையாளராக நீங்களே இருக்க வேண்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். முடியுமானால் டொமைனை ஓரிடத்திலும் ஹொஸ்டிங்கை வேறிடத்திலும் வையுங்கள். ஒன்றில் பிணக்கு வந்தால் மற்றது சிக்காது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கம்பனிக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். காசு கொடுக்க வருபவருக்கே இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தால், காசு கொடுத்து முடித்தவருக்கு எப்போது வரும்? கடைசியாக, "நான் விலகிப் போக விரும்பினால் என் சாமான் முழுவதையும் எப்படித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம், வருடத்துக்குச் சில நூறு ரூபா கூடினாலும், நம்பி இடம் எடுக்கலாம்.