ஆடுகளமும் ஊரும் – 14: தோற்ற பிறகு எழுந்து நின்றவர்கள்

விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது என்று எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் விழும். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில், அதுவும் நம் அணி தோற்கிற நேரத்தில், அந்த ரத்தம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை. நம் கையில் இருக்கும் பெரிய சாட்சி சேப்பாக்கம். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. 12 ஆண்டுகள் கழித்து டெஸ்ட் தொடர் ஆட இந்தியாவுக்கு வந்திருந்தது பாகிஸ்தான். தொடரே நடக்கக் கூடாதென்று சிவசேனைக்காரர்கள் அந்த மாதத் தொடக்கத்தில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அதனால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னில் 5 விக்கெட் போய்விட்டது. பிறகு முதுகுவலியோடு டெண்டுல்கர் 136, துணைக்கு மோங்கியா 52. இன்னும் 17 ரன்தான் என்ற இடத்தில் சக்லைன் முஷ்டாக் பந்தில் டெண்டுல்கர் வீழ்ந்தார். மிச்சமிருந்த 3 விக்கெட்டும் 4 ரன்னுக்குள் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. மைதானம் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரம் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். நாலைந்து மாதத்தில் கார்கில் போர் வந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்தக் கைதட்டலின் கனம் தெரியும்.

இது எப்படி நடந்தது? சென்னை ரசிகனுக்கு ஆட்டம் தெரியும், அதனால் நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் மதிப்பான் என்பது வழக்கமான விளக்கம். பாதி சரி. அடுத்த மூன்று வாரத்துக்குள் அதே இரண்டு அணிகள் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆடின. ஷோயப் அக்தரோடு மோதி டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதும் கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. கடைசி நாள் போலீஸ் கூட்டத்தை வெளியேற்றி, ஆளில்லாத மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தாக்காரர்களுக்கு கிரிக்கெட் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நியாயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: சென்னைத் தோல்வியில் சண்டை போட ஒன்றுமில்லை, கொல்கத்தாவில் அவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அப்படியும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தை நான் வேறிடத்தில் தேடுகிறேன். 1997 மே 21 அன்று இதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன் அடித்தார். ஒருநாள் ஆட்டத்தில் அன்றைக்கு உலக சாதனை அது. அப்போதும் ஊர் எழுந்து நின்றது. ஆகவே 1999இல் அந்த ஸ்டாண்டுகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காப்பாற்ற ஒரு பெயர் இருந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து ரசிகர்களிடமும் இதே சங்கதியைப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்து களத்தை விட்டுப் போகும் எதிரணியை, அது ஜெயித்திருந்தாலும், கைதட்டி அனுப்புவது அங்கே வழக்கம். லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தின் வாசலிலேயே, கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ரசிகர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தற்பெருமைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவன் பாட்டிலை எடுத்து வீசக் கொஞ்சம் கூசுவான்.

பேருக்காகக் காட்டுகிற மரியாதை ஒரு மரியாதையா, மனசிலிருந்து வர வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் திருப்பூர்க்காரர்களிடம் நல்ல பதில் இருக்கிறது. நொய்யலில் சாயக் கழிவு ஓடிய காலத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அந்தப் பாட்டைப் பார்த்து மனம் இளகி யாரும் சாயப்பட்டறையை மூடவில்லை. விவசாயிகள் வழக்காடினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானது. இன்று அதே ஊர், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவதை வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கட்டாயத்தில் தொடங்கியது தொழிலாகி, தொழில் பெருமையானது. ரசிகனின் பண்பும் இப்படித்தான் உண்டாகிறது என்பது என் வாதம். அதற்கு ஒரு முதல் சந்தர்ப்பம் வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், சொன்ன பெயரைக் காப்பாற்ற வேண்டிய கூச்சம் வேண்டும். ரத்தத்தில் ஊறிய குணம் என்று நம்பிவிட்டால் இவற்றில் ஒன்றையும் செய்யத் தோன்றாது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய கடினமான சான்றும் சென்னையில்தான் இருக்கிறது. 2012இல், கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி நேரு ஸ்டேடியத்தில் சுங்கத் துறை அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. செய்தி வெளியானதும் அவர்களைத் திருப்பி அனுப்ப முதலமைச்சர் ஜெயலலிதா உத்தரவிட்டார். ஆட அனுமதி கொடுத்த ஸ்டேடிய அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாது என்று முடிவானது. 2009 முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்த துக்கமும் கோபமும் பொய்யில்லை. அதைச் சிறிதாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பந்து உதைக்க வந்த பள்ளிக்கூடத்துப் பையன்களைத் திருப்பி அனுப்பியதால் பொறுப்பாளி ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. நம் பக்கத்தில் ஒரு அதிகாரி வேலையிலிருந்து நின்றதுதான் மிச்சம். இங்கே கவனிக்க வேண்டியது, ரசிகர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. சேப்பாக்கத்தின் நல்ல பெயர் கேலரியில் இருப்பவனைக் கட்டுப்படுத்தும்; கோட்டையைக் கட்டுப்படுத்தாது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் நடந்தபோது, ஐபிஎல் ஆட்டத்தின் நடுவே அதே சேப்பாக்கம் மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. அந்த நேரத்தில் எல்லைக்கோட்டருகே நின்றவர்கள் நம் சென்னை அணிக்காரர்கள்! வெளியே இருக்கும் கோபத்துக்கு வீட்டுக்காரன், விருந்தாளி என்ற பேதம் கிடையாது. ஆகவே இந்தப் பண்பு எளிதில் உடையும் என்பதை மறுக்கவில்லை. எளிதில் உடைவதை இன்னும் கவனமாகத்தான் கையாள வேண்டும்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் கத்தக்கூடாதா என்பது இன்னொரு கேள்வி. கத்தலாம். சொந்த மண்ணில் கிடைக்கும் ஆரவாரம் அணிக்குப் பலம். அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் பாதி ருசி போய்விடும். 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் டாஸ் போட வந்த பாகிஸ்தான் கேப்டன் பாபர் ஆசமைப் பார்த்துக் கூச்சலிட்டதையும், அவுட் ஆகிப் போன ரிஸ்வானைப் பார்த்து மதம் சார்ந்த முழக்கம் எழுப்பியதையும் ஒரே கணக்கில் சேர்க்க மாட்டேன். முதலாவது அநாகரிகம், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த ஆளின் ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் பிறப்பைத் தாக்குவது. ஒன்பது நாள் கழித்து சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை வென்றபோது, மைதானமே ஆப்கானிஸ்தான் பக்கம் ஆர்ப்பரித்தது. அதையும் சென்னைப் பண்பாட்டின் சான்றாக எழுதினார்கள். எளியவன் ஜெயிப்பதைக் கொண்டாடுவது நல்லதுதான், ஆனால் அது சுலபமான கைதட்டல். நமக்கு வலிக்காத தோல்வி அது. 1999ஐ அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

திருப்பூருக்கு இதில் ஒரு விசித்திரமான இடம் இருக்கிறது. 2025 டிஎன்பிஎல் கிரிக்கெட் கோப்பையை வென்றது திருப்பூர் தமிழன்ஸ். நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில், திண்டுக்கல் அணியை அதன் சொந்த இடத்திலேயே 118 ரன்னில் தோற்கடித்தார்கள். அந்த ஆண்டு ஆட்டங்கள் நடந்தவை கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்ற நான்கு ஊர்களில். பட்டியலில் திருப்பூர் இல்லை. ஊர் பெயரில் அணி உண்டு, வெளியூர் அணியை வரவேற்க ஒரு வாசல் கிடையாது. ஆகவே இந்த ஊருக்கு எதிரணியை வரவேற்கும் பழக்கம் கோவில் திருவிழாவையொட்டியும் பொங்கலையொட்டியும் நடக்கும் கபடி, வாலிபால் டோர்னமென்ட்டுகளில்தான் கிடைக்கிறது. அங்கே நல்ல வழக்கங்கள் ஏற்கெனவே உண்டு. வெளியூர் டீமுக்குத் தங்க இடமும் சாப்பாடும் விழாக் குழுவின் பொறுப்பு. கெட்டதும் உண்டு. கபடிக்கு அனுமதி தரும் ஆணைகளில், வீரர்களின் உடையில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போடும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. பனியனும் ஜெர்சியும் தைக்கிற ஊர் இந்த நிபந்தனையைத் தனக்கானதாகவும் படிக்கலாம். ஆர்டர் கொடுக்கிறவன் கேட்ட நிறத்தையும் படத்தையும் அடித்துக் கொடுப்பது தொழில்தான், எதை அடிக்க மாட்டோம் என்பதையும் தொழில்காரன்தான் முடிவு செய்கிறான்.

இன்னும் ஒரு ஆட்சேபம், நான் முழுதாகப் பதில் சொல்ல முடியாதது. மறுநாள் பஸ் ஏறிப் போகிறவனுக்குக் கைதட்டுவது சுலபம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கேயே செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் நிற்கிறவனிடம் அந்தப் பெருந்தன்மை வருமா? 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவி, பிகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. தகவல் பொய் என்பது நிரூபணமானது. ஆனால் அத்தனை பேர் அதை உடனே நம்பிப் பெட்டி கட்டியதற்கு, இந்த ஊரில் அவர்களுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று காரணமாக இருந்திருக்க வேண்டும். மைதானம் அதைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு ஒடிசா அணி ஊர் டோர்னமென்ட்டில் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடினால், அதன் ரைடர் பெயரை மைக்காரர் சரியாக உச்சரித்துச் சொன்னால், போனஸ் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்பதை உள்ளூர் ரெஃப்ரி உள்ளூர்க் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்துவைத்தால், அது நடக்கிற காரியம்தான். விழாக் குழுவின் நோட்டீஸில் பரிசுத் தொகைக்கும் சுழற்கோப்பை கொடுத்தவர் பெயருக்கும் ஒதுக்குகிற இடத்தில் ஒரு வரி போதும்: தோற்ற அணியையும் வென்ற அணியையும் ஒரே மேடையில் ஏற்றி, வெளியூர்க்காரரை முதலில் அழைப்போம் என்று. அச்சில் வந்துவிட்டால் அடுத்த வருஷமும் செய்தாக வேண்டியிருக்கும்.

(தொடரும்)