குறள் வெண்பா கட்டுவது எப்படி?

வெண்பா என்றாலே பலரும் ஒதுங்கிப் போகிறார்கள். ஆனால் மரபுப் பாக்களில் சரிபார்க்க எளியது அதுதான். தப்பு எந்த இடத்தில் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் அசை. தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர். இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை. பின்னால் ஒட்டும் மெய் கணக்கில் சேராது. அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசையாகி நேரில் முடிந்தால் காய். வெண்பாவுக்கு இவை போதும்.

இனி விதி: மா வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளமோ காயோ வந்தால் நேரில். இதுவே வெண்டளை. இக்கட்டுரைக்காகக் கட்டிய ஒரு குறள் வெண்பாவில் சோதிப்போம்:

கோடை மழையில் குடைமறந்த பேர்க்கெல்லாம்
ஓடைபோல் ஆகும் உடை.

'கோ–டை' மா; அடுத்து 'மழை' என்ற நிரை. 'மழை–யில்' மா, அடுத்து 'குடை', மறுபடி நிரை. 'குடை–மறந்–த' காய், அதனால் 'பேர்க்' என்ற நேர். 'பேர்க்–கெல்–லாம்' காய்; அடுத்த அடி 'ஓ' என்று நேரில் தொடங்குகிறது. அடி மாறினாலும் தளை அறுவதில்லை. 'ஓடைபோல்' என்பதில் 'டை' குறுகி ஒலிப்பதால் அது விளம்.

'மழையில்' இருக்கும் இடத்தில் 'காற்றில்' என்று போட்டுப் பாருங்கள். மாவுக்குப் பின் நேர் வந்து ஆசிரியத்தளை ஆகிவிடும். வெண்பாவுக்குரிய செப்பலோசை அங்கேயே கெடும்.

முதலடியில் நான்கு சீர், ஈற்றடியில் மூன்று. கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். 'உடை' மலர் வாய்பாடு. கோடை–ஓடை எதுகை, கோடை–குடை, ஓடை–உடை மோனை.

புதிதாக எழுத வருபவர்கள் ஈற்றடியை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. இடம் குறைவு, கட்டுப்பாடு அதிகம். அது அமைந்துவிட்டால் முதலடிக்கு எதுகையும் கிடைத்துவிடும். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது புலவர் அவைகளில் பழைய வழக்கம். காளமேகம் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் சில அப்படிப் பிறந்தவை என்பார்கள்.

இரண்டடி கைவந்தபின் நான்கடி நேரிசை வெண்பாவுக்குப் போகலாம். இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு தனிச்சொல் வரும்; தளை விதி இதேதான். இன்னும் நுணுக்கம் வேண்டுவோர்க்கு அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இருக்கிறது.