சங்கப்பலகையும் ஊமைப்பிள்ளையும்

புலமையை அளந்தறிதற்குப் பண்டைத் தமிழர் இருவேறு கோல்களை வைத்திருந்தனர் என்பது நம் பழங்கதைகளால் விளங்கும். ஒன்று சங்கப்பலகை. தகுதியுடைய புலவர் வந்தால் அது வளர்ந்து இடங்கொடுக்கும், தகுதியற்றவர்க்கு இடங்கொடாது. அதற்கு உற்றாருமில்லை, பகைவருமில்லை; களைப்புமில்லை, கடுப்புமில்லை. மற்றையது உருத்திரசன்மன் என்னும் ஐந்தாட்டைப் பருவத்து ஊமைப்பிள்ளை. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் கண்ட உரைகளும் அப்பிள்ளையின் முன்னே படிக்கப்பெற்றன. மருதனிளநாகனார் உரையைக் கேட்டுச் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையைக் கேட்டுச் சொல்தோறும் அவன் கண்ணீர் பெருக்கி மயிர்க்கூச்செறிந்தான்; நக்கீரர் உரையே மெய்யுரை என அவையோர் துணிந்தனர்.

இக்காலக் கல்வியாளர் புறவயத் தேர்வு, அகவயத் தேர்வு என்று பிரித்துரைப்பன இவ்விரண்டையுமே. பல்தேர்வு வினாத்தாள் சங்கப்பலகை. கட்டுரையைப் படித்துப் புள்ளியிடும் ஆசிரியர் ஊமைப்பிள்ளை. ஆனால் நம் ஆசிரியர் ஊமையுமல்லர், ஐந்து வயதினருமல்லர். ஆதலாற்றான் வழக்கு எழுகின்றது.

கரடியனாற்றுப் பகுதியிலும் அவ்வழக்கு எழுந்துள்ளது. தவணைப் பரீட்சையில் தமிழ்ப் பாடத்தையும் முற்றாகப் பல்தேர்வு வினாக்களாலேயே நடத்திவிடலாம் என்கின்றனர் ஆசிரியர் சிலர். அவர்கள் சோம்பரல்லர். ஒருவரே நான்கு வகுப்புக்களின் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டு, செங்கலடிவரை பேருந்தில் மடிமேல் வைத்துத் திருத்துவதை யான் கண்டிருக்கிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் தமிழ்மொழியும் இலக்கியமும் என்னும் பாடத்தின் முதற்பகுதி 40 பல்தேர்வு வினாக்களே அன்றோ என்பது அவர் வாதம்.

பலகையின் பக்கத்து நியாயம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. 1912 இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஆங்கில விடைத்தாள் ஒன்றனைப் படியெடுத்து, ஏறத்தாழ 142 ஆசிரியர்க்கு அனுப்பிப் புள்ளியிடச் செய்தனர். ஒரே தாளுக்கு 64 இலிருந்து 98 வரை புள்ளிகள் வந்தன. மொழிப்பாடம் ஆதலின் அங்ஙனம் ஆயிற்று என்றனர் சிலர். மறுவருடம் கேத்திரகணிதத் தாளை அனுப்பியபோது வேறுபாடு இன்னும் மிகுந்தது!

நம் நாட்டிலோ இஃது ஆராய்ச்சியோடு நின்ற செய்தியன்று. 1970 இற் பல்கலைக்கழக அனுமதிக்குரிய பரீட்சையில் தமிழ்மொழிப் பரீட்சகர் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்றொரு குற்றச்சாட்டுப் பரப்பப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டின் அனுமதியிற் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர்க்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியவர்க்கு 227 புள்ளியும் வேண்டப்பட்டன. பின்னர் 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒதுக்கீட்டினால் மட்டக்களப்புப் போன்ற பின்தங்கிய மாவட்டங்கள் நன்மையும் பெற்றன. அது தனியே பேசத்தக்கது. இங்கே யான் சுட்டுவது, திருத்துவோன் பேனாமேல் ஐயம் விழுந்தால் அதன் விலையைக் கொடுப்போர் மாணாக்கர் என்பதே.

அங்ஙனமாயின் பலகையே போதுமோ?

புணர்ச்சி, வேற்றுமை, லகர ளகர ழகர வேறுபாடு ஆகியவற்றைச் சோதிக்கப் போதும் என்பேன். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்மூடித் தொட்டாலும் 40 இற்கு 10 சராசரியாகக் கிடைத்துவிடும் என்பது உண்மையே; எனினும் அதனை யான் பெருங்குறையாகக் கருதவில்லை. பெருங்குறை வேறு. புறவயம் என்பது திருத்துவதில் மாத்திரமே உள்ளது. வினாவை ஆக்குவதில் இல்லை. வெளியிடத்திலிருந்து வந்த தவணை வினாத்தாள் ஒன்றில், நெல் விளையும் நிலத்தைக் குறிக்குஞ் சொல் யாது என வினவி, கழனி, வட்டை, புறவு, முரம்பு என நான்கு தெரிவுகள் தந்திருந்தனர். நம் மாணாக்கரிற் பலர் வட்டையைத் தெரிந்தனர். படுவான்கரையிற் பிறந்த பிள்ளைக்கு வயல்வெளி வட்டைதானே? தந்தை போவதும் வட்டைக்கு, யானை இறங்குவதும் வட்டைக்குள். வினாவை ஆக்கியவரோ, வட்டை என்றால் தேர்ச்சக்கரத்தின் சுற்றுவட்டம், வழி என்னும் அகராதிப் பொருள்களை மட்டும் எண்ணி, அதனைப் பிழைவிடையாக வைத்துவிட்டார். அச்சொல்லைக் கட்டுரையிற் கண்டிருந்தால், ஏன் எழுதினாய் என்று ஆசிரியர் கேட்டிருப்பார். விடைப்பட்டியல் கேட்காது.

இன்னொன்று. பல்தேர்விற் சிறந்த புள்ளி பெறும் மாணாக்கன் ஒருவனை அறிவேன். அவன் வீட்டு வெள்ளாமையை யானை அழித்தபோது, நட்டஈடு கோரிப் பிரதேச செயலாளர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி தந்தையார் கேட்டார். பிள்ளையால் நான்கு வரி கோவையாக எழுத இயலவில்லை. வேறொருவரிடம் எழுதுவித்தனர். சரியான வாக்கியத்தைக் கண்டால் இனங்காணுவான். தானாக ஆக்க அறியான். தேர்விற் கேளாததைப் பிள்ளைகள் பயிலார், நாமும் பயிற்றோம்.

ஆகவே கட்டுரை வினா இருத்தல் வேண்டும்; அதனைத் திருத்தும் முறையே மாறுதல் வேண்டும். சீனத்திற் சோங் பேரரசர் காலத்தே, தேர்வெழுதினோன் பெயரை மறைத்ததோடு, கையெழுத்தாலும் அவனை அறியாவண்ணம் எழுத்தரைக் கொண்டு தாள்களைப் படியெடுப்பித்தும் தேர்வாளரிடம் கொடுத்தனர். நம்மவரிடம் இருந்தது அதற்கு எதிரான முறை: எல்லாம் வெளிப்படை. நூல் அவையில் அரங்கேறும். புலவர் தடை கூறுவர். ஆசிரியன் விடை கூறுவான். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலும் 1947 இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அங்ஙனமே அரங்கேறிற்று. அத்தகைய அவையில் மதிப்பிடுவோனும் மதிப்பிடப்படுகின்றான். காரணங் கூறாது பழித்தல் அங்கே செல்லாது.

இவ்விரண்டையும் சிறிது சிறிது கலந்து சென்ற தவணை செய்துபார்த்தோம். பெயருக்குப் பதில் இலக்கம். பொருள், கோவை, மொழிநடை, எழுத்துத் திருத்தம் என்னும் நான்கிற்கும் உரிய புள்ளிகளை முன்னரே வகுத்துக்கொண்டோம். இருவர் தனித்தனியே திருத்தி, மூன்று புள்ளிக்கு மேல் வேறுபட்டவற்றை மட்டும் கூடியிருந்து வாசித்தோம். ஒரு வகுப்பிற்கு ஒரு பிற்பகல் மேலதிகமாகச் சென்றது.

அங்ஙனம் வாசித்தவற்றுள் அறுவடைக்கால இரவுக் காவலைப் பற்றிய கட்டுரையும் ஒன்று. வாடியின் மேலிருந்து கேட்கும் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுதியிருந்தது பிள்ளை. எழுத்துப் பிழைகளும் மலிந்திருந்தன. 15 இற்கு யான் இட்டது 13. உடன் ஆசிரியர் இட்டது 6. அவர் பிழைகளை எண்ணிக் காட்டினார். யான் ஒலிகளை எண்ணிக் காட்டினேன். முடிவில் 11 என்று ஒப்புக்கொண்டோம். அது மிகுதி என்றே அவர் இன்னும் கூறிவருகிறார்.