முதல் புல்-அப்ஸுக்கு முன்னால்

கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்குவதுதான் புல்-அப்ஸ். தண்டால் எடுக்கும்போது எடையில் ஒரு பங்கைப் பாதங்கள் தாங்கிக்கொள்ளும். இங்கே 70 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய அவ்வளவையும் இரண்டு கைகளால் இழுத்தாக வேண்டும். நன்றாகத் தண்டால் எடுப்பவர்கூட முதல் நாள் கம்பியில் அப்படியே தொங்கி நிற்பது சகஜம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது முதுகு. அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புவரை விரியும் அகன்ற தசையை ஜிம்மில் ‘லாட்ஸ்’ என்பார்கள். தோள்பட்டை எலும்புகளைக் கீழே இழுக்கும் தசைகள், முழங்கையை மடக்கும் பைசெப்ஸ், பிடியை விடாத முன்கை எல்லாம் அதற்குத் துணை. உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால் அது சின்-அப்ஸ். பைசெப்ஸ் கூடுதலாகக் கைகொடுப்பதால் புதியவர்களுக்குச் சற்று எளிது.

முதலில் தொங்கிப் பழக வேண்டும். அரை நிமிடம் தொங்க முடிந்தபின், முழங்கையை மடக்காமல் தோள்களை மட்டும் காதை விட்டுக் கீழே இறக்கிப் பார்க்கலாம். உடம்பு ஓரிரு அங்குலம்தான் உயரும், ஆனால் ஒவ்வொரு புல்-அப்ஸும் தொடங்குவது அங்கேதான். இடுப்பளவு உயரத்தில் கம்பி கிடைத்தால், குதிகாலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பதும் நல்ல பயிற்சி.

எல்லாவற்றிலும் பலன் தருவது இறங்கும் பயிற்சி. ஆடாத ஸ்டூலில் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு காலை எடுத்துவிட வேண்டும். பிறகு ஐந்து விநாடியாவது எடுத்துக்கொண்டு, கை முழுதும் நீளும்வரை மெல்ல இறங்க வேண்டும். சுருங்கும்போது தூக்க முடியாத எடையையும் நீளும்போது தசை தாங்கும் என்பதால், ஏற முடியாதவராலும் இது முடியும். நான்கைந்து முறை போதும். பாதியில் கை பிடி கொடுக்காமல் உடம்பு சட்டென்று விழுந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவதே சரி. மறுநாள் முதுகும் கையும் நன்றாக வலிக்கும், ஆகவே வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.

ரப்பர் பேண்டில் காலை வைத்து ஏறுவது பலருக்கும் பிடிக்கிறது. ஆனால் பேண்ட் அதிகம் இழுபடுவது கீழே இருக்கும்போது. புதியவர் தவிக்கும் இடத்திலேயே அது அதிகமாகத் தூக்கிவிடுகிறது. எனவே பேண்டை மட்டும் நம்பியிருப்பது போதாது.

முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்குப் பெரும் காரணம், நரம்புகள் தசைகளை ஒன்றாக இயக்கப் பழகுவதுதான். தசைநாண்கள் உறுதிப்படக் கூடுதல் காலம் பிடிக்கும். முழங்கையின் உட்புறத்தில் வலி நீடித்தால் ஓய்வு கொடுப்பது அவசியம்.

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஜவான் தேர்வுக்குக் குறைந்தது 6 புல்-அப்ஸ் எடுக்க வேண்டும். 10 எடுத்தால் முழு மதிப்பெண்ணான 40 கிடைக்கும். ஒன்று எடுக்கத் தெரிந்தவர் அந்த எண்ணிக்கையை எட்ட, ஒரே மூச்சில் கைசோரும்வரை முயல்வதைவிட, இரண்டு மூன்று நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஐந்தாறு எடுத்துப் பழகுவது நல்லது.