பீமன்தான் ஜெயிப்பான்னு தெரியும்... அப்புறம் ஏன் இவ்வளவு டென்ஷன்? படுகளமும் மெக்சிகோ மல்யுத்தமும்

கல்வராயன் மலை அடிவாரம் தொடங்கி உளுந்தூர்பேட்டை வரை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள எந்த ஊரில் கேட்டாலும் சின்னப் பிள்ளைகூட ரிசல்ட்டைச் சொல்லிவிடும். பதினெட்டாம் நாள் சண்டையில் பீமன் ஜெயிப்பான், துரியோதனன் சாவான். ஒரு வருஷம்கூட இது மாறியதில்லை. ஆனாலும் படுகளத்தன்று கொளுத்துகிற வெயிலில் நிற்க இடம் கிடைக்காது.

மெக்சிகோ சிட்டியில், 1956ல் திறக்கப்பட்ட அரேனா மெக்சிகோ அரங்கிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே நடக்கும் 'லூச்சா லிப்ரே' முகமூடி மல்யுத்தத்திலும் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். கூட்டம் மட்டும் தொண்டை கிழியக் கத்தும்.

டபிள்யூடபிள்யூஇ கார்டு வைத்து விளையாடிய 90ஸ் கிட்ஸ் ஒரு வயதுக்கு மேல் உதிர்க்கும் டயலாக் ஒன்று உண்டு: "எல்லாம் ஃபேக்கு மச்சி." கூத்தைப் பார்த்து மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏன்? ரிசல்ட்டுக்காக யாரும் அங்கே உட்காருவதில்லை. ஒரு பழைய கணக்கு தீர்வதைப் பார்க்கத்தான் உட்காருகிறார்கள்.

மூணு பேருக்கு மூணு பேர்

லூச்சா லிப்ரேயில் அதிகம் நடப்பது மூவர் அணிகள் மோதும் 'ட்ரியோஸ்'. ஒரு பக்கம் 'டெக்னிகோ', அதாவது நல்லவர்கள். எதிர்ப்பக்கம் 'ரூடோ', விதியை மீறுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். எதிரணி கேப்டனை மடக்கினால் சுற்று முடிந்தது. இல்லையென்றால் மற்ற இரண்டு பேரையும் மடக்கியாக வேண்டும். கூட்டாளியின் கையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்ற கட்டாயமும் இல்லை. உள்ளே இருப்பவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்தாலே அடுத்தவர் நுழையலாம். அதனால்தான் ஆட்டம் ஓயவே ஓயாது. 1980களின் தொடக்கத்தில் இந்த ஃபார்மட் சூடுபிடித்ததில் எல் சிக்னோ, எல் டெக்சானோ, நெக்ரோ நவாரோ என்ற மூன்று ரூடோக்களின் அணிக்குப் பெரிய பங்கு உண்டு.

சூடான ட்ரியோஸ் ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது பறந்து பாய்வதை அல்ல (அது யூடியூப் ஷார்ட்ஸிலேயே கிடைக்கும்). ரெஃப்ரி ஒரு மூலையில் யாரையோ விலக்கிக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ரூடோக்கள் சேர்ந்து ஒருத்தனைச் சுற்றி வளைத்து உதைப்பார்கள், முகமூடியின் கயிற்றை அவிழ்ப்பார்கள். ரெஃப்ரியைத் தவிர அரங்கமே அதைப் பார்க்கும். கூத்து பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. அபிமன்யு சண்டையில் தனியாளைப் பலபேர் சுற்றி வளைத்து அடிப்பதும் இதேதான். கூட்டத்துக்குக் கோபம் ஏறுவது இங்கேதான்.

கணக்கு தொடங்கும் ராத்திரி

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒன்றாகக் கதை நகரும். சென்னை, பெங்களூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி நாள் படுகளத்துக்கும் தீமிதிக்கும்தான் வந்து சேர்கிறார்கள். லீவு அவ்வளவுதான் கிடைக்கிறது, என்ன செய்ய! ஆனால் இது சீரியலின் கிளைமாக்ஸ் எபிசோடை மட்டும் பார்ப்பது மாதிரி.

கணக்கு தொடங்குவது துகிலுரிதல் ராத்திரியில். தருமன் சூதில் எல்லாவற்றையும் தோற்கிறான். சபை நடுவே துரியோதனன் தொடையைத் தட்டி திரௌபதியைக் கூப்பிடுகிறான். இந்தத் தொடையிலிருந்து வரும் ரத்தத்தைத் தடவாமல் கூந்தலை முடிய மாட்டேன் என்று அவள் சபதம் போடுகிறாள்.

படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். சில ஊர்களில் 50 அடிக்கும் மேல் நீளம். அதன் மேலும் சுற்றியும் பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் துரத்தித் துரத்தி மோதும். முடிவில் கிருஷ்ணன் தொடையைத் தட்டி ஜாடை காட்ட, பீமன் அங்கேயே அடிக்கிறான். மண்ணுக்குள் மறைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலை முடிவார்கள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கதைச் சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிப்பது ஃபவுல். லூச்சாவிலும் அதே இடத்தில் ஃபவுல் உண்டு, அது ரூடோவின் ஸ்பெஷல். படுகளத்தில் ஃபவுல் பண்ணுவது நம்ம ஹீரோ பீமன்! துகிலுரிதல் ராத்திரி விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அது ஃபவுலாகவே தெரியாது.

முகமூடிக்கும் முடிக்கும் பந்தயம்

மெக்சிகோவிலும் ட்ரியோஸ் என்பது பெரும்பாலும் கணக்கு ஏறும் இடம்தான். வாரா வாரம் முகமூடியைக் கிழிப்பது, கூட்டாளியை அடிப்பது என்று பகை வளரும். கடைசியில் அது பந்தயச் சண்டைக்குப் போகும். முகமூடி போட்டவர் தோற்றால் முகத்தைக் காட்ட வேண்டும். போடாதவர் தோற்றால் ரிங்கிலேயே மொட்டை. சூதும் கூந்தலும் மெக்சிகோ வரை போயிருக்கிறதோ என்று தோன்றும்.

1952 நவம்பரில் எல் சாண்டோ, பிளாக் ஷேடோவின் முகமூடியைப் பறித்தார். பிளாக் ஷேடோவின் கூட்டாளி புளூ டீமன் பழிவாங்கக் கிளம்பி, அடுத்த வருஷமே சாண்டோவைத் தோற்கடித்தார். அந்தப் பகையை மெக்சிகோ இன்னும் பேசுகிறது.

'ஃபேக்'னா வலிக்காதா?

2015 மார்ச்சில் டிஜுவானா நகரத்தில் நடந்த சண்டையில், பெர்ரோ அகுவாயோ ஜூனியர் உதை வாங்கிக் கயிற்றில் விழுந்தார், எழவில்லை. இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்று நினைத்ததால் சண்டை சற்று நேரம் தொடர்ந்தது. கழுத்தெலும்பு முறிந்து அவர் இறந்துபோனார். 'எல்லாம் நடிப்பு' என்ற பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

கூத்தில் அந்தக் கோடு வேறு மாதிரி. திரௌபதியின் சேலையில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்பு கேட்கும் வழக்கம் உண்டு. அதன் பிறகுதான் மறுபடியும் துச்சாதனன் ஆவார். உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கூவாகத்தில் அரவான் சாவான் என்பதும் தெரிந்த ரிசல்ட்தான். ஆனாலும் சித்திரையில் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்து அழும்போது அந்த அழுகையை யாரும் ஃபேக் என்று சொல்வதில்லை.

அடுத்த சீசனில் ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் துகிலுரிதல் ராத்திரிக்குப் போகலாம். தேதி கோயில் நோட்டீஸிலேயே இருக்கும். முடிய விடிந்துவிடும், ஒரு போர்வை எடுத்துக்கொள்வது நல்லது. யூடியூபில் ட்ரியோஸ் பார்ப்பவர்கள் முதல் சுற்றை ஸ்கிப் பண்ணாமல், யார் யாருடைய முகமூடியை முதலில் தொடுகிறார் என்று பார்க்கலாம்.